இல்லாத நிறையை எழுதச் சொல்லாதீர்கள்: உளவியல் பாடத்திட்டக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பாடத்திட்டக் குழுவினருக்கும் விடைக்குறிப்பு தயாரிப்போருக்கும்,

வணக்கம்.

இந்த ஆண்டு உளவியல் தேர்வில் மனச்சிதைவு நோய் பற்றி வந்த பெரிய கேள்வியை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். குடும்பச் சூழலே நோய்க்குக் காரணம் என்னும் விளக்கத்தை மதிப்பிட வேண்டும். இரண்டு நிறை, இரண்டு குறை எழுத வேண்டும். என் மாணவி ஒருத்தி குறைகளை எழுதிவிட்டு, நிறை எழுத வேண்டிய இடத்தில், ‘தாயின் வளர்ப்பால் இந்த நோய் வருகிறது என்பதற்கு நல்ல ஆதாரம் இல்லை. குடும்ப சிகிச்சை பலன் தருவதும் அதற்கு ஆதாரம் ஆகாது’ என்று எழுதி, ஏன் ஆகாது என்பதையும் ஒரு பக்கத்துக்கு விளக்கியிருந்தாள். அந்தப் பகுதிக்குப் பூஜ்யம் போட்டிருந்தார்கள். மறுமதிப்பீடு கேட்டோம். விடைக்குறிப்பில் இல்லாததற்கு மதிப்பெண் தர இயலாது என்று ஒரு வரியில் பதில் வந்தது.

விடைக்குறிப்பில் இருந்த முதல் நிறை இது: ‘குடும்ப சிகிச்சை வெற்றி பெறுவது இவ்விளக்கத்தை உறுதிப்படுத்துகிறது.’

இதைத்தான் தவறு என்கிறேன். தலைவலி மாத்திரை போட்டதும் வலி விட்டுவிடுகிறது என்பதால், உடம்பில் மாத்திரை குறைந்ததால்தான் தலைவலி வந்தது என்று யாரும் சொல்வதில்லை. நோயைத் தணிப்பது எது என்பது ஒரு கேள்வி. நோயைக் கொண்டுவந்தது எது என்பது வேறொரு கேள்வி. இரண்டையும் பிரித்துப் பார்த்த பிள்ளைக்கு மதிப்பெண் இல்லை, குழப்பிக்கொண்டவர்களுக்கு முழு மதிப்பெண்.

பின்னணி உங்களுக்குத் தெரிந்ததுதான். 1948இல் மனநல மருத்துவர் ஃப்ரீடா ஃப்ரோம்-ரைக்மன், மனச்சிதைவை உண்டாக்கும் தாய் என்ற கருத்தை எழுதினார். 1956இல் கிரெகரி பேட்சனும் உடன் பணியாற்றியவர்களும், ஒன்றுக்கொன்று முரணான செய்திகளைப் பெற்றோர் ஒரே நேரத்தில் தருவதால் பிள்ளை சிக்கிக்கொள்கிறது என்ற விளக்கத்தை முன்வைத்தார்கள். இவை பெரும்பாலும் சிகிச்சை அறையில் மருத்துவர்கள் கண்டதையும் கேட்டதையும் வைத்துச் சொல்லப்பட்டவை. அவர்கள் பார்த்ததெல்லாம் நோய் வந்த பிறகான குடும்பங்கள். பிள்ளைக்கு என்ன ஆயிற்றென்று புரியாமல் தவிக்கும் தாய் பதறாமல், பிள்ளையைக் கண்காணிக்காமல், முன்னுக்குப் பின் முரணாகப் பேசாமல் இருப்பாளா? அந்தப் பதற்றம் நோய்க்குக் காரணமா, நோயின் விளைவா என்று கேட்பதுதானே மதிப்பீட்டின் முதல் படி?

1966இல் ஹெஸ்டன் வெளியிட்ட ஆய்வை எடுத்துக்கொள்வோம். மனச்சிதைவு கொண்ட தாய்மாருக்குப் பிறந்து, சில நாட்களிலேயே அவர்களிடமிருந்து பிரித்து வளர்க்கப்பட்ட 47 பேரில் 5 பேருக்கு அந்த நோய் வந்தது. ஒப்பிட எடுத்துக்கொண்ட 50 பேரில் ஒருவருக்கும் வரவில்லை. வளர்ப்பை மட்டும் வைத்து இதை விளக்க முடியாது. அதற்காகச் சூழலுக்குப் பங்கே இல்லை என்று என் மாணவி எழுதவில்லை, நானும் சொல்லவில்லை. பின்லாந்தில் டியனாரி குழுவினர் தத்துக் கொடுக்கப்பட்ட பிள்ளைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். மரபுவழி ஆபத்து உள்ள பிள்ளைகள் சிக்கலான வீடுகளில் வளர்ந்தபோது நோய் கூடுதலாக வந்தது. அந்த ஆபத்து இல்லாதவர்களிடம் வீட்டுச் சூழல் அப்படி ஒரு வித்தியாசத்தை உண்டாக்கவில்லை. குடும்ப விளக்கத்துக்கு நேர்மையாக ஒரு நிறை எழுத வேண்டுமென்றால் அது இங்கே இருக்கிறது, இவ்வளவு நிபந்தனைகளோடு. உங்கள் விடைக்குறிப்பில் இதைத் தேடினேன், இல்லை.

குடும்ப சிகிச்சை பலன் தருவதும் உண்மைதான். எதற்குப் பலன் தருகிறது என்று பார்க்க வேண்டாமா? 1972இல் பிரவுன், பிர்லி, விங் ஆகியோர் மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பியவர்களை ஒன்பது மாதங்கள் கவனித்தார்கள். ஓயாத குறைகூறலும் பகைமையும் அளவுமீறிய தலையீடும் இருந்த வீடுகளுக்குப் போனவர்களில் 58 சதவீதம் பேருக்கு நோய் மீண்டும் தலைதூக்கியது. அவை குறைவாக இருந்த வீடுகளில் 16 சதவீதம் பேருக்குத்தான். இந்த இறுக்கத்தைத்தான் சிகிச்சை தளர்த்துகிறது. ஆனால் அது ஏற்கனவே நோய் வந்தவர்களின் கதை. நோய் முதலில் எப்படி வந்தது என்பதைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. பட்ஸ்லாஃபும் ஹூலியும் 1998இல் 27 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, இதே வீட்டு இறுக்கத்துக்கும் நோய் திரும்புவதற்கும் உள்ள தொடர்பு, மனநிலைக் கோளாறுகளிலும் உணவுப் பழக்கக் கோளாறுகளிலும் மனச்சிதைவைவிட வலுவாக இருந்தது. அப்படியானால் அது மனச்சிதைவுக்கே உரிய காரணமாக எப்படி இருக்கும்?

அந்த மாணவியின் அண்ணனுக்குப் பல ஆண்டுகளாக மனச்சிதைவு நோய். அவனைக் கவனித்துக்கொள்வது அம்மா. காலை, இரவு என்று அறை பிரித்த டப்பாவில் வாரத்துக்கான மாத்திரைகளை அடுக்கி வைப்பவர், அவன் எத்தனை மணிக்குத் தூங்கினான், எத்தனை முறை எழுந்தான் என்று ஒரு நோட்டில் குறித்து வைத்து மருத்துவரிடம் காட்டுபவர். தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த மகள் பாடநூலைத் திறந்தபடியே விட்டுவிட்டு எழுந்து போயிருக்கிறாள். தாயின் வளர்ப்பு பற்றிய வரிக்கு அடிக்கோடு போட்டிருந்தது, முக்கியமான கேள்வி என்பதால். அம்மா அதைப் படித்துவிட்டார். மகள் திரும்பி வந்ததும், “ஏம்மா, நான்தான் காரணமா?” என்று கேட்டிருக்கிறார்.

இதை அவள் என்னிடம் சொன்னது விடைத்தாள் நகலை வாங்கிப் பார்த்த அன்று. “அம்மாகிட்ட இல்லன்னு சொல்லிட்டு, பரிட்சையில ஆமான்னு எப்படி சார் எழுதுறது?” என்று கேட்டாள். மதிப்பெண்ணுக்காகவாவது விடைக்குறிப்பில் உள்ளபடி எழுதியிருக்கலாமே என்று அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சொல்லவும் கூடாது.

மனச்சிதைவோடு இது நிற்கவில்லை. மனச்சோர்வுப் பாடத்திலும், எண்ணங்களையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் பேச்சுவழிச் சிகிச்சையான சிபிடியைப் பற்றி, ‘சிபிடி பலன் தருகிறது, ஆகவே தவறான எண்ணங்களே காரணம்’ என்றுதான் பிள்ளைகள் மனப்பாடம் செய்கிறார்கள். 1996இல் ஜேக்கப்சன் குழுவினர் அந்தச் சிகிச்சையைப் பகுதி பகுதியாகப் பிரித்துச் சோதித்தார்கள். எண்ணங்களைத் தொடாமல், அன்றாடச் செயல்பாடுகளை மட்டும் மீட்டுக் கொடுத்த பகுதியே முழுச் சிகிச்சைக்கு இணையாகப் பலன் தந்தது. மனச்சோர்வுக்கு விளக்கமாகச் சொல்லப்படும் கற்றுக்கொண்ட கையறுநிலை, அதாவது என்ன செய்தாலும் பயனில்லை என்று பழகி முயற்சியையே கைவிடும் நிலை பற்றிச் செலிக்மனும் மையரும் 1967இல் நாய்களை வைத்துச் செய்த ஆய்வு எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரியும். அவர்களே 2016இல், செயலற்றுப்போவது கற்றுக்கொண்டதல்ல, நீடித்த துன்பத்துக்கு உடல் இயல்பாகக் காட்டும் எதிர்வினை, கற்றுக்கொள்ளப்படுவது ‘நம்மால் கட்டுப்படுத்த முடியும்’ என்பதுதான் என்று தங்கள் விளக்கத்தையே திருப்பி எழுதினார்கள். தன் கருத்தைத் தானே மறுபரிசீலனை செய்த இரண்டு அறிஞர்களைவிட மதிப்பீட்டுக்கு நல்ல பாடம் ஏது? அதற்குப் பாடத்திட்டத்தில் இடமில்லை. ‘இந்த விளக்கம் குறுக்கல்வாதம்’, அதாவது சிக்கலானதை ஒரே காரணமாகச் சுருக்கிவிடுகிறது என்ற ஒற்றை வரிக்கு இடமிருக்கிறது. அதை எந்தக் கோட்பாட்டின் கீழே எழுதினாலும் ஒரு மதிப்பெண் விழுகிறது, கோட்பாட்டைப் படித்திருக்கவே வேண்டாம்.

இந்தப் பிள்ளைகளில் சிலர் நாளை ஆலோசகர்கள், செவிலியர்கள் ஆவார்கள். நோயாளியின் தாய் எதிரில் வந்து உட்காரும்போது அவர்கள் மனதில் எந்த வரி ஓடும் என்பதை நினைத்துப் பாருங்கள். கோபமாகத் தெரிந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கோபம்தான்.

என் வேண்டுகோள் இதுதான். நிறைக்கு இத்தனை, குறைக்கு இத்தனை என்று எண்ணிக்கை வைத்து மதிப்பெண் பிரிப்பதை நிறுத்துங்கள். ஒரு விளக்கத்துக்கு ஆதாரம் இல்லையென்றால், இல்லை என்று காரணத்தோடு எழுதும் விடையை ஏற்றுக்கொள்ளுங்கள். விளக்கத்தை மதிப்பிடும் கேள்வியையும் சிகிச்சையை மதிப்பிடும் கேள்வியையும் தனித்தனியாகக் கேளுங்கள்.

சிகிச்சையைப் பற்றிக் கேட்டால், எதோடு ஒப்பிட்டார்கள், முன்னேற்றத்தை அளந்தவருக்கு யார் எந்தச் சிகிச்சை பெற்றார் என்று தெரியுமா, எவ்வளவு காலம் தொடர்ந்தார்கள் என்று யோசிக்கவிடுங்கள். மனச்சோர்வு கொண்ட 439 வளரிளம் பருவத்தினரிடம் நடந்த டாட்ஸ் ஆய்வு 2004இல் வெளியானபோது, 12 வாரத்தில் ஃப்ளூவாக்ஸட்டீன் என்ற மனச்சோர்வு மாத்திரை எடுத்தவர்களில் ஏறத்தாழ 61 சதவீதம் பேர் முன்னேறியிருந்தார்கள், சிபிடி பெற்றவர்களில் 43 சதவீதம் பேர். 36 வாரத்தில் இரண்டு குழுவிலும் 81 சதவீதம். இந்த எண்களைக் கொடுத்து ‘எது சிறந்தது, ஏன்?’ என்று கேளுங்கள். மனப்பாடம் செய்தவர் தடுமாறுவார், சிந்திக்கத் தெரிந்தவர் எழுதுவார்.

அடுத்த விடைக்குறிப்பு தயாராவதற்கு முன் இதை உங்கள் கூட்டத்தில் எடுத்துப் பேசுமாறு பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். அந்த ஒரு விடையையும், பாடம் அறிந்த இன்னொருவரிடம் கொடுத்து மறுபடி திருத்தச் செய்யுங்கள். அப்போதும் பூஜ்யம்தான் என்றால், எந்தக் காரணத்தால் என்று இரண்டு வரி எழுதி அனுப்புங்கள். அதை அவளிடம் காட்ட வேண்டும்.

இப்படிக்கு,
உளவியல் ஆசிரியர் ஒருவர்