பழுப்புப் புள்ளியும் பசை வாடையும்: ஒரு நன்றி மடல்

அன்புள்ள எல்லோருக்கும் வணக்கம்.

விண்வெளியில் இயங்கத்தக்க புற ஊதா லேசர் பற்றிய என் ஆய்வேட்டைப் போன வாரம் சமர்ப்பித்துவிட்டேன். அதன் நன்றியுரைக்கு ஒரு பக்கம்தான் கொடுத்தார்கள். மனம் ஆறாமல் இதை எழுதுகிறேன்.

எங்கள் லேசர் மேசைமேல் மாதக்கணக்கில் சமர்த்தாக ஓடியது. வெற்றிடக் கலத்துக்குள் வைத்த நாலாம் நாளே ஆற்றல் பாதியாகிவிட்டது. திறந்து பார்த்தால், கண்ணாடியில் கற்றை விழும் இடத்தில் மட்டும் ஒரு பழுப்புப் புள்ளி. துடைத்தேன், மறுபடி வந்தது. லேசருக்குள் இருக்கும் படிகத்தைச் சந்தேகப்பட்டேன், மின்சாரத்தைச் சந்தேகப்பட்டேன், கண்ணாடி விற்றவரையும் திட்டினேன் (பாவம் அவர்).

பம்பு பார்க்கும் அண்ணே, மூடியைத் திறந்ததும் மோந்து பார்த்து, "ஏம்மா, உள்ள பசை வாடை அடிக்குதே" என்றது நீங்கள்தான். கண்ணாடியை ஒட்ட நானே தடவிய பசை! வெற்றிடத்தில் அதிலிருந்து கிளம்பும் ஆவி கண்ணாடியில் படிகிறது. புற ஊதா ஒளி அதைக் கரியாக்கிவிடுகிறது. வெளியே காற்றிலுள்ள ஆக்சிஜன் அந்தக் கரியை அவ்வப்போது தின்றுவிடுவதால் மேசைமேல் எதுவும் தெரியவில்லை.

பேராசிரியரே, அன்று மாலை நீங்கள் ஏயோலஸ் கதையைச் சொன்னீர்கள். காற்றின் வேகத்தை விண்ணிலிருந்து லேசரால் அளந்த ஐரோப்பியச் செயற்கைக்கோள் அது; 355 நானோமீட்டர் லேசர். 2007இல் போகவேண்டியது, லேசர் தொல்லைகளால் இழுத்தடித்து 2018 ஆகஸ்டில்தான் ஏறியது. கண்ணாடிகளைச் சுற்றிச் சொற்பமாக ஆக்சிஜனைக் கசியவிட்டுக் கரியைச் சமாளித்தார்கள். "பதினோரு வருஷம் அவங்க பொறுத்தாங்க, உன்னால பதினோரு நாள் பொறுக்க முடியலையா?" என்று கேட்டீர்களே, அப்போது கோபம் வந்தது. இப்போது இல்லை.

பட்டறை ஐயா, பசையே வேண்டாமென்று எஃகுக் கவ்வி கடைந்து கொடுத்தீர்கள். நாலு தடவை அளவைத் தப்பாகச் சொன்னேன். ஐந்தாம் தடவைதான் முகம் சுளித்தீர்கள். இரவு ஒரு மணிக்கும் கதவைத் திறந்துவிட்ட காவலாளி அண்ணனுக்கும், கடன் நோட்டை எடுத்துக் காட்டாத டீக்கடை அக்காவுக்கும் என் வணக்கம்.

இரண்டு மாதமாக லேசர் அசரவில்லை. வெள்ளிக்கிழமை மாலை எல்லோரும் பட்டறைக்கு வந்துவிடுங்கள். புள்ளி விழுந்த அந்தக் கண்ணாடியை எடுத்துவருகிறேன், கூடவே அல்வாவும்.

அன்புடன்,
உங்கள் ஆய்வு மாணவி