பெட்ரோல் விலையின் கணக்கைக் காட்டக் கோரும் மனு

அனுப்புநர்:
சிறு சரக்கு வண்டி ஓட்டுநர்கள்

பெறுநர்:
உயர்திரு செயலர் அவர்கள்,
எரிசக்தித் துறை

பொருள்: பெட்ரோல் விலையின் உட்பிரிவுகளை வெளியிடவும், விலை மாற்றத்தை முந்தைய நாளே அறிவிக்கவும் வேண்டுதல் தொடர்பாக.

ஐயா / அம்மா,

வணக்கம். விலையைக் குறைக்கச் சொல்லும் மனுக்கள் உங்கள் மேசையில் நிறையவே இருக்கும். இது அந்த வகை அல்ல. விலை ஏன் ஏறுகிறது என்பது ஓரளவு எங்களுக்கும் புரிகிறது. ஏறியது ஏன் அதே வேகத்தில் இறங்குவதில்லை என்பதுதான் புரியவில்லை.

வண்டியில் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். டேங்க் நிரப்பும்போதெல்லாம் தேதி, கிலோமீட்டர், லிட்டர், விலை நான்கையும் எழுதிவிடுவேன். முன்பக்க அட்டையில் பெட்ரோல் கறை, நடுவில் நாலைந்து தாள் கழன்று கிடக்கிறது. விலை ஏறிய காலத்தைப் புரட்டினால் இரண்டு மூன்று வரிக்குள் மேலே போயிருக்கும். அதே விலை பழைய இடத்துக்கு வர ஒன்றரைப் பக்கம் ஆகியிருக்கும். இது என் நோட்டில் மட்டும் நடப்பதல்ல. பிரிட்டன் விலைகளை ஆராய்ந்த ராபர்ட் பேக்கன் என்ற பொருளியலாளர் 1991இலேயே இதைக் குறித்திருக்கிறார். ராக்கெட் போல ஏறி இறகு போல இறங்குகிறது என்பார்கள்.

எங்களுக்கு இதில் என்ன நஷ்டம் என்றால், வாடகையை ஆண்டுக்கு ஒருமுறைதான் பேசுகிறோம். நடுவில் விலை ஏறினால் லோடு கொடுப்பவர் "அப்புறம் பார்க்கலாம்" என்பார். அந்த அப்புறம் வருவதற்குள் விலையே இறங்கிவிடும், பேச்சும் முடிந்துவிடும்.

கச்சா எண்ணெய் பீப்பாய்க் கணக்கில் விற்கிறது. ஒரு பீப்பாய் 159 லிட்டர். அது பத்து டாலர் ஏறினால் லிட்டருக்குச் சுமார் ஆறு சென்ட்தான். இந்தச் சின்ன வகுத்தலைப் போட்டுப் பார்த்தாலே பங்க்கில் எவ்வளவு ஏறியிருக்க வேண்டும் என்று தோராயமாகத் தெரிந்துவிடும். அதற்கு மேல் ஏறினால் வேறு காரணம் இருக்க வேண்டும். எண்ணெய் வியாபாரம் பெரும்பாலும் டாலரில் நடப்பதால் உள்நாட்டு நாணயம் சரிந்திருக்கலாம். சுத்திகரிப்பு ஆலை நின்றிருக்கலாம். 2005 ஆகஸ்டில் கத்ரீனா புயல் மெக்சிகோ வளைகுடா ஓரத்து ஆலைகளை நிறுத்தியபோது, கச்சா எண்ணெயைவிடப் பெட்ரோல்தான் அதிகமாக எகிறியது. நிலத்தடியில் எண்ணெய் இருந்து என்ன, காய்ச்சிப் பிரிக்க ஆலை ஓட வேண்டுமே.

அடுத்தது வரி. லிட்டருக்கு இவ்வளவு என்று நிலையாக வைத்தால், கச்சா எண்ணெய் ஏறினாலும் வரி நின்ற இடத்தில் நிற்கும். விலையில் இத்தனை சதவீதம் என்று வைத்தால், எண்ணெயோடு சேர்ந்து வரியும் ஏறும். அதற்கு யாரும் ஆணை போட வேண்டியதில்லை, அறிவிப்பும் வராது. எது எவ்வளவு என்று தெரியாததால் கோபமெல்லாம் பைப்பைப் பிடித்து நிற்கும் பங்க் ஊழியர்மேல் விழுகிறது. பாவம், அவர் என்ன செய்வார்?

ஆகவே எங்கள் முதல் வேண்டுகோள்: எண்ணெய், சுத்திகரிப்பு, போக்குவரத்தும் விற்பனையும், வரி என்று நான்காகப் பிரித்து ஒவ்வொரு பங்க்கிலும் எழுதி வைக்கச் செய்யுங்கள். வாரம் ஒருமுறை கச்சா எண்ணெய் விலையையும் பங்க் விலையையும் பக்கத்தில் பக்கத்தில் வெளியிடுங்கள். எங்கே தேங்குகிறது என்று யாரும் விளக்காமலே தெரிந்துவிடும்.

இரண்டாவது, முன்னறிவிப்பு. இதில்தான் எங்களுக்கு நம்பிக்கை அதிகம். மேற்கு ஆஸ்திரேலியாவில் 2001 முதல் ஃப்யூல்வாட்ச் என்ற ஏற்பாடு இருக்கிறது. நாளைய விலையைப் பங்க்குகள் இன்று மதியம் 2 மணிக்குள் சொல்லிவிட வேண்டும். காலை 6 மணியிலிருந்து 24 மணி நேரம் அதை மாற்றக் கூடாது. நாளை ஏறப்போகிறது என்றால் இன்று மாலையே நிரப்பிக்கொள்ளலாம், அவ்வளவுதானே எங்களுக்கு வேண்டியது. ஆஸ்திரியா 2011இல் வேறு மாதிரி விதி போட்டது: ஏற்றுவதென்றால் நாளுக்கு ஒருமுறை, நண்பகலில் மட்டும், இறக்க எந்நேரமும் தடையில்லை. ஜெர்மனியில் 2013 முதல் பங்க்குகள் ஒவ்வொரு விலை மாற்றத்தையும் உடனுக்குடன் அரசுக்குத் தெரிவிக்கின்றன. மூன்றில் எது இங்கே ஒத்துவரும் என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். முதலாவது நல்லது என்பது எங்கள் எண்ணம்.

மூன்றாவது, அரசுத் துறைகள் எங்களோடு போடும் சரக்கு ஒப்பந்தங்களில், எரிபொருள் விலைக்கேற்ப வாடகை ஏறவும் இறங்கவும் ஒரு பிரிவு சேருங்கள். இறங்கும்போது குறைத்துக்கொள்ள நாங்கள் தயார். அதையும் எழுத்திலேயே தருகிறோம்.

எங்கள் பக்கம் மிச்சம் பிடிப்பதைப் பிடித்துக்கொண்டுதான் இருக்கிறோம். டயரில் காற்றைச் சரிபார்க்கிறோம், லோடு ஏற்றும்போது இன்ஜினை அணைத்துவிடுகிறோம், காலி வண்டியாகத் திரும்பாமல் பார்த்துக்கொள்கிறோம். அதற்கு மேல் குறைக்க எங்கள் கையில் எதுவும் இல்லை.

நோட்டின் நகலை இத்துடன் இணைத்துள்ளேன். கழன்ற தாள்களை வரிசைப்படுத்தி ஒட்டியிருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
சிறு சரக்கு வண்டி ஓட்டுநர்கள் சார்பில்

இணைப்பு: எரிபொருள் நோட்டின் நகல்