பதில் வரும்வரைக்கும்

அன்புள்ள பிள்ளைக்கு,

நீ செய்கிற பஸ் நேரப் பக்கத்தைப் பற்றி, "ஃபெட்ச் வேலை செய்யுது அப்பா, ஆனால் திரையில ஒண்டும் வரேல்லை" என்று போனில் சொன்னாய். அவசரத்தில் நான் சொன்னது போதாது, ஆறுதலாக எழுதுகிறேன். ஃபெட்ச் என்பது சேர்வரிடம், அதாவது தரவு வைத்திருக்கும் தூரத்துக் கணினியிடம், தரவு கேட்கும் கட்டளை.

பிரவுசரில் ஒரு பக்கத்தின் ஜாவாஸ்கிரிப்ட் பொதுவாக ஒரே இழையில்தான், அதாவது ஒன்றன்பின் ஒன்றாகத்தான் ஓடும். நீ எழுதிய கோடு (நிரல்), பட்டனை அமர்த்தினால் நடப்பது, திரை வரைவது எல்லாம் அந்த ஒரே வரிசையில் நிற்பவை. சேர்வர் பதில் தரும்வரை அதை மறித்து வைத்தால் பக்கமே உறைந்துவிடும். ஆகவே கேட்டுவிட்டு நகர வேண்டும்.

அம்மா மிளகாயை மில்லில் கொடுத்து, இலக்கத் துண்டை வாங்கிக்கொண்டு இங்கே திருநெல்வேலிச் சந்தைக்குப் போய்வருவா தானே. ஃபெட்ச் உடனே தருகிற பிராமிஸ், அதாவது பதில் பிறகு வரும் என்ற வாக்கு, அந்தத் துண்டு மாதிரி. நீ துண்டையே எடுத்துத் திரையில் போடப் பார்க்கிறாய் என்றுதான் நினைக்கிறேன். ஃபெட்சுக்கு முன்னால் அவெயிட் இருக்கிறதா என்று பார், பக்கத்தை மறிக்காமல் பதிலுக்குக் காத்திருக்கச் சொல்லும் சொல் அது. ரெஸ்பான்ஸ், அதாவது சேர்வரின் பதில், கிடைத்த பிறகு அதிலுள்ள ஜேசன் எழுத்தைப் பாவிக்கக்கூடிய தரவாக மாற்றும் இடத்திலும் இன்னொரு அவெயிட் வேண்டும். பதிலின் தலைப்புக் குறிப்புகளான ஹெடர்கள் வந்ததுமே முதல் பிராமிஸ் நிறைவேறிவிடும், உள்ளே இருக்கும் தரவு பிறகும் வந்துகொண்டிருக்கும். பலர் தவறவிடுவது இந்த இரண்டாவதைத்தான்.

1999இல் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 5இல் இதே வேலைக்கு எக்ஸ்எம்எல் எச்டிடிபி வந்தது. 2005இல், பக்கத்தை மீண்டும் ஏற்றாமல் தரவு கேட்கும் இந்த முறைக்கு ஏஜாக்ஸ் என்று பெயர் வைத்தார்கள். ஃபெட்ச் 2015இல்தான் குரோமுக்கும் ஃபயர்பாக்ஸுக்கும் வந்தது. பழைய கோடுகளைக் கண்டால் பயப்படாதே, வேலை ஒன்றுதான்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. சேர்வர் 404 (கேட்டது இல்லை) என்றோ 500 (சேர்வரில் பிழை) என்றோ சொன்னாலும் ஃபெட்சுக்கு அது தோல்வி இல்லை. பதில் என்று ஒன்று வந்துவிட்டது, அவ்வளவுதான் அதன் கணக்கு. இணைப்பு அறுந்தாலோ, வேறு தளத்தின் சேர்வர் அனுமதி தராததால் பிரவுசர் தடுத்தாலோ, இப்படிப் பதில் கைக்கு வராத இடங்களில்தான் ஃபெட்ச் தோற்று, பிழையைப் பிடிக்கும் கேட்ச் பகுதிக்குப் போகும். ஆகவே ரெஸ்பான்ஸில், கேட்டது சரியாகக் கிடைத்ததா என்று சொல்லும் ஓகே என்ற பண்பைப் பார்க்காமல் ஒருநாளும் தரவை எடுக்காதே. பிழை என்றால் அதைத் திரையில் தமிழில் எழுதிக் காட்டு. பஸ் நேரம் பார்க்க வந்த ஒருவர் வெறும் வெள்ளைத் திரையைப் பார்த்துக்கொண்டு நிற்கக்கூடாது.

தேடல் பெட்டியிலும் கவனம். ஒருவர் "நெல்" என்று அடிக்க ஒரு கேள்வி போகும், "நெல்லியடி" என்று முடிக்க இன்னொன்று போகும். முதல் கேள்வியின் பதில் பிந்தி வந்தால், சரியான பதிலின் மேல் அது ஏறி உட்கார்ந்துவிடும். உன் அறையில் வேகமான இணைப்பு இருப்பதால் இது உன் கண்ணில் படாது. இங்கே மழை நேரத்தில் சிக்னல் குறைந்த போனில் பார்த்தால் தெரியும். புதிய கேள்வி போகும்போது பழையதை, கேள்வியை இடையில் நிறுத்த உதவும் அபோர்ட் கன்ட்ரோலரால் நிறுத்திவிடு. நிறுத்தியதும் கேட்ச் பகுதிக்கு அபோர்ட் எரர் என்ற பிழை வரும், அதை மட்டும் பிழையாகக் காட்டத் தேவையில்லை.

சரி, பிரவுசரின் டெவலப்பர் டூல்ஸில் நெட்வொர்க் பகுதிக்குப் போய் வேகத்தை 3ஜிக்குக் குறைத்து உன் பக்கத்தை ஒருமுறை பாவித்துப் பார். பிறகு ஓஃப்லைனிலும் போட்டுப் பார். என்ன தெரிகிறது என்று எழுது, நீ எழுதிய நிரலையும் அனுப்பிவிடு. நேரத்துக்குச் சாப்பிடு பிள்ளை.

அன்புடன்,
அப்பா
யாழ்ப்பாணம்