தறி நின்ன ராத்திரி

டியர் அம்மு,

எப்படிடி இருக்க, மஸ்கட்ல வெயில் கொஞ்சமாச்சும் கொறஞ்சிருக்கா? பையனுக்குப் புது ஸ்கூல் புடிச்சிருக்கான்னு போன தடவை கேட்டேன், நீ மத்ததுக்கெல்லாம் பதில் சொல்லிட்டு அதை மட்டும் விட்டுட்ட, மறக்காம சொல்லு. இங்க எல்லாரும் நல்லாருக்கோம். அம்மாவுக்கு முட்டி ஆபரேஷன் முடிஞ்சு இப்ப வாக்கர் இல்லாமயே வாசல் வரைக்கும் போயி காய்காரர்கிட்ட பேரம் பேசிட்டு வர்றாங்க. பெரியவ பத்தாவது, அதனால வீடு பூரா கொஸ்டின் பேப்பரா கெடக்கு. சாயங்காலம் ஆனா சாரல் அடிக்குது, சிறுவாணிப் பக்கம் நல்ல மழைன்னு சொல்றாங்க.

சரி, இதெல்லாம் போன்லயே சொல்லிருப்பேன். இப்படி உக்காந்து நீளமா எழுதறது எதுக்குன்னா சனிக்கிழமை நைட்டு நாங்க ஒரு கவிதை ஓப்பன் மைக் போயிருந்தோம், அதை உன்கிட்ட முழுசா சொல்லாட்டி எனக்கு ஆறாது. ஹாஸ்டல் மொட்டை மாடில வார்டன் தூங்குனதுக்கப்பறம் டார்ச் அடிச்சு மாத்தி மாத்தி கவிதை படிச்ச கூட்டத்துல நீ ஒருத்திதான் அன்னிக்கு இல்ல. கயலு திருப்பூர்ல இருந்து பஸ் புடிச்சு வந்துட்டா, குண்டூசி ஆபீஸ்ல இருந்து நேரா வந்தா, நான் பெரியவளை அவங்க அப்பாகிட்ட விட்டுட்டு கெளம்பிட்டேன்.

இங்க கோயம்புத்தூர்ல ரேஸ்கோர்ஸ் பக்கம் ஒரு காபி கடையோட மாடிதான் இடம். பிளாஸ்டிக் சேரு, ஒரு ஸ்டேண்டு, ஒரு மைக்கு, ஒரு ஸ்பீக்கர், அவ்வளவுதான். ஏறுன உடனே ஒரு நோட்டு வெச்சிருக்காங்க, படிக்கணும்னா அதுல பேர் எழுதணும், எழுதுன வரிசைல கூப்பிடுவாங்க, ஆளுக்கு அஞ்சு நிமிஷம். யாரு வேணா எழுதலாம், புக் போட்டிருக்கியா, எங்க வேலை பாக்குறன்னு ஒருத்தரும் கேக்கல. நடத்துற பொண்ணு சின்னப் பொண்ணுதான், ரொம்ப அழகா ஆரம்பிச்சா. இது ஸ்லாம் கிடையாது, ஸ்லாம்னா அது போட்டி, கூட்டத்துலயே அஞ்சு பேரை ஜட்ஜா உக்கார வெச்சு மார்க் போடுவாங்க, சிகாகோல கிரீன் மில்னு ஒரு ஜாஸ் கிளப்ல 1986ல இருந்து நடக்குது, அதை ஆரம்பிச்ச மார்க் ஸ்மித் கட்டட வேலை பாத்தவரு, இங்க மார்க்கெல்லாம் இல்ல, நீங்க கேட்டா போதும்னா. எனக்கு அந்த 'கேட்டா போதும்' ரொம்பப் புடிச்சுது.

எங்கப்பா என்னைச் சின்னதுல கவியரங்கத்துக்குக் கூட்டிட்டுப் போவாருன்னு சொல்லிருக்கேன்ல. அங்க முறையே வேற. நடுவுல தலைமைக் கவிஞர், ரெண்டு பக்கமும் மத்தவங்க, எல்லாருக்கும் ஒரு பொதுத் தலைப்பு, அதுக்குள்ள ஆளுக்கொரு கிளைத் தலைப்பு. தலைவரு ஒவ்வொருத்தரையும் கவிதைலயே கூப்பிடுவாரு, அவங்களும் தலைவருக்குக் கவிதைலயே வணக்கம் சொல்லிட்டுத்தான் விஷயத்துக்கு வருவாங்க. பொங்கல், தீபாவளின்னா ரேடியோல வேற வரும். எனக்கு அப்ப ஒண்ணும் புரியாட்டியும் ஒண்ணு மட்டும் நல்லா ஞாபகம் இருக்கு, ஒவ்வொரு வரியையும் ரெண்டு தடவை படிப்பாங்க. முதல் தடவை வரி காதுல விழும், ரெண்டாவது தடவை உள்ள எறங்கும், அப்பதான் கைதட்டு வரும். அது கைதட்டு வாங்கற வேலைன்னு சில பேரு எளக்காரமா பேசுவாங்க, எனக்கு அதுல உடன்பாடே இல்ல. காதால கேக்குறவனுக்குத் திரும்பிப் போயிப் படிக்கறதுக்குப் பக்கம் கெடையாது, அது அந்தக் கவிஞர்களுக்குத் தெரிஞ்சிருந்துச்சு. எதுகை மோனை எல்லாமும் அதுக்குத்தானே, ஒரு தடவை கேட்டா மனசுல நிக்கணும்ல.

சனிக்கிழமை உக்காந்து கேக்கக் கேக்க எனக்கு இதேதான் ஓடிட்டு இருந்துச்சு அம்மு. 1959ல எழுத்து பத்திரிகை வந்ததுக்கப்பறம்தான், எதுகை மோனைக் கட்டெல்லாம் இல்லாத புதுக்கவிதை வேர் புடிச்சுதுன்னு தமிழ் மேடம் எடுப்பாங்க, ஞாபகம் இருக்கா. அங்க இருந்து நாம கண்ணால படிக்கற கவிதைக்குப் பழகிட்டோம். வரிய எங்க ஒடைக்கறோம், எங்க எடம் விடறோம்னு பாத்துப் பாத்து எழுதறோம். மைக்குல நின்னா அந்த எடம் எல்லாம் காணாமப் போயிருது. வெறும் எண்டர் தட்டித் தட்டி எழுதுனதெல்லாம் படிச்ச உடனே சாதாரணப் பேச்சாயிருச்சு, போன்ல பாத்திருந்தா நானே ஹார்ட்டு போட்டிருப்பேன். அதே மாதிரி ஒரு பையன் பின்னாடி கிட்டார் வாசிக்க வெச்சு படிச்சான், குரல் நல்ல குரல்தான், ஆனா சோகம் எல்லாத்தையும் கிட்டாரே சொல்லிருச்சு, வார்த்தைக்கு வேலையே இல்லாமப் போச்சு. இங்கிலீஷ்ல படிச்ச காலேஜ் பசங்க வந்தாங்க, அவங்க பிரெண்ட்ஸ் கைதட்டாம வெரல் சொடுக்கறாங்க, படிக்கறப்ப நடுவுல தட்டுனா தொந்தரவுன்னு அப்படியாம், நல்ல பழக்கமாத்தான் பட்டுச்சு.

இப்ப முக்கியமான விஷயத்துக்கு வர்றேன். பாதிக்கு மேல போனதுக்கப்பறம் சோமனூர்ல இருந்து ஒரு தம்பி. இருபத்தி மூணு இருபத்தி நாலு வயசு இருக்கும், விசைத்தறி ஓட்டறவன், ஷிப்ட் முடிச்சு அப்படியே வண்டி எடுத்துட்டு வந்திருக்கான், காதோரம் முடில பஞ்சு ஒட்டியிருந்துச்சு. கூலிக் கணக்கு எழுதற நோட்டத்தான் கொண்டாந்திருந்தான், முன்னாடி பக்கம் மீட்டர் கணக்கு, பின்னாடில இருந்து கவிதை. மைக்குக்கு ரொம்பப் பக்கத்துல போயி சத்தமா ஆரம்பிச்சான், ஸ்பீக்கர் கீச்சுனு கத்துச்சு, அந்தப் பொண்ணு மெதுவா மைக்க ஒரு சாண் தள்ளி வெச்சா. அவன் சொன்னான், மன்னிச்சுக்கங்க, எங்க குடோன்ல பக்கத்துல நிக்கறவனுக்குக் கேக்கணும்னாலே கத்தணும், அதே பழகிருச்சுன்னு. அப்பறம் படிச்சான். அவன்கிட்ட கேட்டு எழுதி வாங்கிட்டு வந்தேன், உனக்கு அனுப்பலாமான்னும் கேட்டுட்டேன், தாராளமா அனுப்புங்கக்கான்னான்.

தறி நின்ன ராத்திரிதான் தெரிஞ்சுது
எங்க வீட்ல யாருக்கும் யாரு மேலயும் கோவமில்ல
சத்தத்துக்கு மேல பேசிப் பழகுனவங்க நாங்க
சோறு திங்க வாடான்னு அம்மா கத்துறா
ஊரே நிக்குதம்மா
மெதுவா கூப்புடு
கேக்குது

சோமனூர், பல்லடம் பக்கமெல்லாம் ஜவுளி வியாபாரிங்ககிட்ட பாவும் நூலும் வாங்கிக் கூலிக்கு நெய்யறவங்கதான் ஜாஸ்தி, கூலி ஏத்தித் தரச் சொல்லி தறிய நிறுத்துவாங்க, 2022 ஆரம்பத்துலகூட வாரக்கணக்கா நின்னுச்சுல்ல, அப்ப எழுதுனதாம். ஸ்ட்ரைக்குனு ஒரு வார்த்தை இல்ல, கூலின்னு ஒரு வார்த்தை இல்ல, தறில நாடா ஓடி அடிக்கற சத்தம் எப்படி இருக்கும்னு ஒரு வர்ணனை இல்ல. ஆனா அவன் பேசுன சத்தத்துலயே தறி இருந்துச்சுடி. முதல் நாலு வரியும் அடித்தொண்டைல இருந்து கத்தித்தான் சொன்னான், 'மெதுவா கூப்புடு'ல வந்து குரல் அப்படியே எறங்கிருச்சு, பழக்கமில்லாத குரல்ல பேசற மாதிரி கொஞ்சம் நடுங்குச்சு. இதைப் பேப்பர்ல எப்படி எழுத முடியும் சொல்லு. கடைசி வரிசைல இருந்த ஒரு பெரியவரு எந்திரிச்சு, தம்பி அந்தக் கடைசிய இன்னொருக்கா சொல்லுங்கன்னாரு. அவன் மைக்க விட்டு வெளிய வந்து நின்னு, மைக் இல்லாமயே மறுபடி சொன்னான். எனக்குக் கண்ணு கலங்கிருச்சு, குண்டூசி என் கைய இறுக்கிப் புடிச்சுக்கிட்டா.

அந்தப் பெரியவருகிட்ட அப்பறம் காபி குடிக்கறப்ப பேசுனோம். ரிட்டயர்டு வாத்தியாரு. 1971ல இங்க வானம்பாடின்னு கவிஞர்கள் சேர்ந்து ஒரு கவிதை இயக்கம் ஆரம்பிச்சப்ப அவரு காலேஜ் பையனாம். அதுல இருந்த புவியரசு, சிற்பி, ஞானி இவங்களையெல்லாம் கூட்டங்கள்ல பாத்திருக்காரு. அந்த வயசுல அந்தக் கூட்டம்தான் எனக்கு ரெண்டாவது வீடுங்கன்னாரு. வானம்பாடிக்காரங்க மேடைக்குன்னே சத்தமா எழுதுனாங்கன்னு ஒரு விமர்சனம் உண்டே சார்னு கயலு கேட்டா, அவளுக்குத்தான் இந்த தைரியம் எல்லாம் வரும். அவரு கோச்சுக்கல. சத்தம் போட வேண்டிய காலம்மா அது, ஆனா சத்தமா சொல்றது வேற, கேக்கற மாதிரி சொல்றது வேற, அந்தத் தம்பிக்கு ரெண்டும் தெரியுதுன்னாரு. இவரு ஒவ்வொரு மாசமும் வர்றாராம், படிக்கறதே இல்லையாம், கேக்கறதுக்குன்னே பொள்ளாச்சில இருந்து வர்றாரு. இப்படி ஒருத்தரு உக்காந்திருந்தா படிக்கறவங்களுக்கு எவ்வளவு பலம்னு யோசிச்சுப் பாரு.

நம்மாளுங்க கதைய சொல்லலையே. பேரே குடுக்க மாட்டேன்னு அடம் புடிச்ச குண்டூசிதான் நோட்டுல முதல் ஆளா எழுதுனா. அவளோட மாமியார் ஞாபக மறதி வந்ததுக்கப்பறம் தன்னோட பேரையே மறந்துட்டு முறுக்கு சுத்தறத மட்டும் மறக்காம இருந்தாங்கள்ல, அதை எழுதிருந்தா. வெரலு எப்படிச் சுத்தும்னு கைய ஆட்டிக்கிட்டே படிச்சா, அவளுக்குத் தெரியாமயே ஆட்டுனா. ஒரு அம்மா எந்திரிச்சு வந்து அவளைக் கட்டிப் புடிச்சுக்கிட்டாங்க. நானும் படிச்சேன், அம்மா வாக்கர பத்தி சின்னதா ஒண்ணு. முன்னாடி வரிசைல இருந்தவங்க மொகத்தைப் பாத்துக்கிட்டே படிச்சப்ப, எந்த வரில அவங்க மூச்சு நிக்குது, எந்த வரில கண்ணு போனுக்குப் போகுதுன்னு பளிச்சுனு தெரிஞ்சுது. வீட்டுக்கு வந்து அந்தப் போனுக்குப் போன ரெண்டு வரியையும் வெட்டிட்டேன், இப்ப கவிதை நல்லாருக்கு.

முடிஞ்சு கீழ எறங்கறப்ப மணி பத்தாயிருச்சு. கயலுக்கு பஸ் இல்லாம என்கூடவே தங்கிட்டா, ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் உன்னைப் பத்திதான் பேசிட்டு இருந்தோம்.

அம்மு, உன்கிட்ட அந்தப் பச்சை டைரி இன்னும் இருக்குல்ல. உங்கப்பா பஸ் ஸ்டாண்டுல உன்னை ஏத்தி விட்டுட்டு ஜன்னல் கம்பிய புடிச்சுக்கிட்டே கொஞ்ச தூரம் நடந்து வர்றது, அதை ஹாஸ்டல் மாடில ஒரே ஒரு தடவை படிச்ச, அதுக்கப்பறம் யாருக்கும் காட்டவே இல்ல. எனக்கு அதுல நாலு வரி அப்படியே நெனவு இருக்கு, உன் குரலோட. ஒரு தடவை கேட்டது இத்தன வருஷம் நிக்குதுன்னா அது நல்ல கவிதைடி, நீ என்ன சொன்னாலும் சரி. அதைத் தேடி எடுத்து எனக்கு அனுப்பு. டைப் பண்ணி அனுப்பாத, வாய்ஸ்லதான் வேணும், பையன் தூங்குனதுக்கப்பறம் கிச்சன்ல நின்னாச்சும் படிச்சு அனுப்பு.

மாசாமாசம் ரெண்டாவது சனிக்கிழமைதான் நடத்துறாங்க. டிசம்பர் லீவுக்கு வர்றப்ப அதைப் பாத்து டிக்கெட் போடச் சொல்லி அண்ணன்கிட்ட சொல்லு. நோட்டுல உன் பேரை நான் எழுதிக்கறேன்.

அன்புடன்
உன் ரூம்மேட்டு