நண்பனுக்கு நாரிச்சிலிருந்து ஒரு கடிதம்

அன்புள்ள மாப்ளைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கண்புரை அறுவை நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. குனியாதே, கனம் தூக்காதே என்று டாக்டர் சொல்லியிருப்பார். நீ எங்கே கேட்கப்போகிறாய்! சின்னவளுக்கு வரன் பார்ப்பதாக எழுதியிருந்தாயே, அது எந்த மட்டில் இருக்கிறது? ஜாதகம் ஒரு பக்கம் இருக்கட்டும், அவளை ஒரு வார்த்தை கேட்டாயா?

நாங்கள் இங்கே மகன் வீட்டில் சௌக்கியம். குளிர்தான் முட்டியைப் பிடிக்கிறது.

பழைய கட்டடத்தைக் கட்டிய காரியத்துக்கே விட வேண்டும், முடியாவிட்டால் பூட்டிப் பாதுகாக்க வேண்டும், வேறெதற்கும் கொடுக்கக் கூடாது என்று வரிந்து கட்டிக்கொண்டு எழுதியிருந்தாய். பொதுப்பணித்துறையில் முப்பது வருஷம் இருந்தவன் நீ. உன்னோடு வாதாட எனக்குப் படிப்பு போதாது. ஆனால் இந்த ஊரில் ஒரு கட்டடம், பழைய துறவி மடம் ஒன்றின் கோவில், எனக்காக வாதாடுகிறது.

அதைக் கட்டியவர்கள் டொமினிக்கன் என்ற கிறிஸ்தவ சபைத் துறவிகள். இங்கிலாந்தில் அவர்களைக் கறுப்பு அங்கிக்காரர்கள் என்பார்கள். ஊருக்கு வெளியே ஒதுங்கி வாழ்ந்தவர்கள் இல்லை. சந்தை நடுவில் நின்று பிரசங்கம் செய்து, பிச்சை வாங்கிப் பிழைத்தவர்கள். நாரிச்சுக்கு 1226இல் வந்தார்கள், இப்போதைய இடத்துக்கு 1307இல் மாறினார்கள். 1413இல் தீப்பிடித்து மடம் பெரும்பாலும் போயிற்று. இன்று நிற்கும் கோவில் அதற்குப் பிறகு, சுமார் 1440க்கும் 1470க்கும் இடையில் கட்டியது.

உள்ளே போனால் நீ முதலில் தூண்களைத்தான் பார்ப்பாய். ஒல்லியான தூண்கள், அகல அகலமான இடைவெளி. கதீட்ரல்களில் இருக்கிற மாதிரி ஆள் மறைகிற கனம் இல்லை. எந்த மூலையில் நின்றாலும் பேசுகிறவர் முகம் தெரிய வேண்டும், குரல் கேட்க வேண்டும் என்பதுதான் கணக்கு. ஒவ்வொரு வளைவுக்கும் மேலே இரண்டிரண்டு சன்னலாக வரிசை ஓடுவதால் வெளிச்சத்துக்கும் குறைவில்லை. கூரை மரம். சுவரிலிருந்து குட்டை உத்தரங்களை நீட்டி, அவற்றின் தலையில் வளைவுக் கட்டைகளை ஏற்றி, நடுவில் தூணே இல்லாமல் அகலத்தைத் தாண்டியிருக்கிறார்கள். கழுத்து வலிக்கும்வரை பார்த்தேன். வெளிச்சுவர் சிக்கிமுக்கிக் கல். இந்தப் பக்கம் நல்ல கட்டடக் கல் கிடையாது. மூலைக்கும் சன்னல் சட்டத்துக்கும் மட்டும் வெளியிலிருந்து கல் வரவழைப்பார்கள்.

தெற்கு வாசல் மரக்கதவில் பாஸ்டன், மாட்பி என்ற இரண்டு குடும்பங்களின் சின்னம் செதுக்கியிருக்கிறது. ஜான் பாஸ்டன், மார்கரெட் மாட்பி தம்பதி கட்டடத்துக்குக் கொடுத்த கொடை அது. அந்தக் குடும்பம் எழுதிக்கொண்ட கடிதங்கள் நூற்றுக்கணக்கில் மிஞ்சியிருக்கின்றன. பாதிக்கு மேல் நிலத் தகராறு! ஒரு கடிதத்தில் அந்த அம்மாள் வீட்டைக் காக்க வில் வேண்டும் என்று கேட்டுவிட்டு, அதே மூச்சில் வாதுமையும் சர்க்கரையும் வாங்கி வரச் சொல்கிறாள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மன்னர் எட்டாம் ஹென்றி மடங்களைக் கலைத்தபோது, இப்படிப் பிச்சை வாங்கி வாழ்ந்த துறவிகளின் நான்கு பெரிய சபைகளுக்கு இந்த ஊரில் மடங்கள் இருந்தன. மற்ற மூன்றும் ஏறக்குறைய மண்ணோடு போய்விட்டன. வளைவு ஒன்று, நிலவறை ஒன்று என்று துண்டுதுண்டாகத் தேட வேண்டும். இது மட்டும் பிழைத்தது. காரணம் அகஸ்டின் ஸ்டீவர்ட் என்ற நகரப் பெரியவர். மன்னருக்கு மனுப் போட்டு, ஊர்க்கூட்டம் நடத்த மண்டபம் வேண்டும் என்று சொல்லி நகரத்துக்காக விலைக்கு வாங்கினார். கட்டடத்துக்கு 81 பவுண்டு, கூரை ஈயத்துக்குத் தனியாக 152 பவுண்டு. ஈயத்தின் விலை கட்டடத்தைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு! மற்ற மடங்கள் ஏன் அழிந்தன என்பதற்கு இதைவிட என்ன விளக்கம் வேண்டும்? உரித்து உருக்கி விற்பதில்தான் லாபம்.

அதற்குப் பிறகு இந்தக் கட்டடம் பார்க்காத வேலை இல்லை. மக்கள் நின்று பிரசங்கம் கேட்ட நடுக்கூடம் ஊர் மண்டபமாயிற்று. விருந்து, வணிகக் குழுக்களின் கூட்டம், தானியச் சந்தை எல்லாம் அங்கேதான். 1671இல் இரண்டாம் சார்லஸ் வந்து சாப்பிட்டுவிட்டு, ஊர் மருத்துவரும் எழுத்தாளருமான தாமஸ் பிரௌனுக்குச் 'சர்' பட்டம் கொடுத்துவிட்டுப் போனார். மேயருக்குத்தான் கொடுக்க நினைத்தாராம், அவர் வேண்டாம் என்றாராம். 1690களில் பழைய வெள்ளிக் காசுகளை உருக்கி மறுபடி அச்சடித்தபோது இந்த மடத்தில் நாணயச் சாலை நடந்தது.

துறவிகள் தனியாக ஜெபித்த கிழக்குப் பகுதி வேறு வழியில் போனது. அப்போது ஸ்பெயினின் கீழ் இருந்த நெதர்லாந்துப் பகுதியிலிருந்து, ஸ்பானியக் கெடுபிடிக்குத் தப்பி 1565இல் நெசவாளர் குடும்பங்கள் இங்கே குடியேறின. அவர்களில் டச்சு பேசியவர்களுக்கு அது கோவிலாயிற்று. அவர்களின் போதகர் யோஹானஸ் எலிசனை 1634இல் ரெம்பிராண்ட் ஓவியமாகத் தீட்டியிருக்கிறார். படம் இப்போது அமெரிக்காவில், பாஸ்டன் நகர அருங்காட்சியகத்தில்.

வடக்கே முற்றத்தைச் சுற்றித் தாழ்வாரம், நம் பக்கத்துத் தொட்டிக்கட்டு வீடு மாதிரி. அந்தப் பகுதி ஏழைகளை அடைத்து வேலை வாங்கும் விடுதியாகவும், அப்புறம் பள்ளிக்கூடமாகவும் இருந்தது. அந்த விடுதிக் காலத்தை நினைத்தால்தான் எனக்குக் கொஞ்சம் கசக்கிறது. பிச்சை எடுத்து வாழ்வதைப் புண்ணியம் என்று நினைத்தவர்களின் வீட்டில், பிச்சை எடுப்பதைக் குற்றமாக்கி ஆட்களைப் போட்டிருக்கிறார்கள்.

நடுக்கூடத்தில் 1824இலிருந்து இசை விழா. 1899இல் எல்கார் என்ற இங்கிலாந்து இசையமைப்பாளர் தன் புதுப் பாடல்களை முதன்முதலாக இங்கேதான் கேட்க வைத்தார். கடலைப் பற்றிய பாடல்கள் என்பதற்காக கிளாரா பட் என்ற பாடகி கடற்கன்னி மாதிரி உடுத்திக்கொண்டு வந்து பாடினாராம். இசை விழா போதாதென்று, பீர் திருவிழாவும் பல வருஷமாக இங்கே நடந்திருக்கிறது. உன் முகம் சுளிப்பது இங்கிருந்தே தெரிகிறது.

கவனித்தாயா? சாப்பாடு, சந்தை, கச்சேரி எல்லாமே கூட்டம் கூடுகிற வேலைகள். ஒருவர் பேச ஆயிரம் பேர் கேட்கக் கட்டியதால்தான் பெரிதாக எதையும் இடிக்காமல் இத்தனைக்கும் இடம் கொடுத்தது. இதையே சின்னச் சின்ன அறையாகத் தடுத்து அலுவலகமாக்கியிருந்தால் நான் உன் கட்சிக்கு வந்துவிடுவேன். விக்டோரியா காலத்தில் சீர்திருத்துகிறேன் என்று கை வைத்து, தெற்கு முகப்பைப் புதிது மாதிரி ஆக்கிவிட்டார்கள். அதையும் நீ திட்டலாம், நான் தடுக்க மாட்டேன்.

ஒரு சந்தேகம், நீதான் சொல்ல வேண்டும். மக்கள் பகுதிக்கும் துறவிகள் பகுதிக்கும் நடுவே ஒரு நடை; அதன் மேல் கோபுரம் நின்றிருக்கிறது. இந்தச் சபைக் கோவில்களில் அப்படிக் கோபுரத்தை நெருக்கமான இரண்டு குறுக்குச் சுவர்களின் தலையில்தான் ஏற்றுவார்கள். 1712இல் அது சரிந்து விழுந்தது, மறுபடி கட்டவில்லை. இரண்டு பக்கமும் அகல வளைவுகள், நடுவில் மட்டும் இவ்வளவு பாரம். அஸ்திவாரக் கோளாறா, சுவர் பிதுங்கியிருக்குமா? கூரையின் படங்களை மகன் போனிலிருந்து உனக்கு அனுப்பச் சொல்கிறேன், புதுக்கண்ணால் பார்த்துவிட்டு எழுது.

தை பிறந்ததும் ஊருக்கு வந்துவிடுவோம். தங்கச்சியைக் கேட்டதாகச் சொல். முட்டிக்கு ஒரு தைலம் சொன்னாயே, அதன் பெயரையும் எழுது.

உன் மச்சான்