படத்தில் நான் ஏன் இல்லை என்றால்

எடின்பர்
நவம்பர் 9

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். நலமறிய ஆவல். உங்கள் கடிதம் போன வாரம் வந்தது. அதற்கு முந்தைய இரண்டுக்கும் பதில் போடவில்லை, கோபித்துக்கொள்ளாதீர்கள்.

முதலில் பேனர் விஷயம். கோயில் தலைவர் மாமா பசார் முனையில் ‘உலகப் போட்டியில் முதல் பரிசு’ என்று கட்டப்போவதாக எழுதியிருக்கிறீர்கள். உடனே போய்த் தடுத்துவிடுங்கள். எங்கள் குழு வாங்கியது தங்கப் பதக்கம், முதல் பரிசு அல்ல. ஐஜெம் என்பது பாக்டீரியா மாதிரி உயிர்களின் மரபணுவை மாற்றிப் புது வேலை செய்யவைக்கும் மாணவர் போட்டி, அதில் இரண்டும் வேறு வேறு. வெண்கலம், வெள்ளி, தங்கம் என்று படி மாதிரி வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு படிக்கும் இன்னின்னது செய்து காட்டியிருக்க வேண்டும் என்று விதி. நடுவர்கள் ஒப்புக்கொண்டால் பதக்கம் உண்டு. ஒரே வருடத்தில் பல குழுக்கள் தங்கம் வாங்கும். எஸ்பிஎம் பள்ளித் தேர்வில் எல்லாப் பாடத்திலும் ‘ஏ’ எடுத்தவர்கள் நம் சுங்கை சிப்புட்டிலேயே பத்துப் பேர் இருப்பார்கள் அல்லவா, அந்தக் கணக்குதான். முதலிடத்துக்கு லெகோ கட்டை வடிவத்தில் ஓர் உலோகக் கோப்பை தருவார்கள். அதன் பக்கத்தில்கூட நாங்கள் போகவில்லை. 2003-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் ஒரு மாத வகுப்பாகத் தொடங்கி, 2004-இல் ஐந்தே குழுக்களோடு நடந்த போட்டி இது. இப்போது நூற்றுக்கணக்கான குழுக்கள் பாரிசில் கூடுகின்றன.

நாங்கள் செய்ததைச் சொல்கிறேன், கேட்பவர்களுக்கு நீங்களே சொல்லிக்கொள்ளலாம். வங்காளதேசத்திலும் மேற்கு வங்கத்திலும் குழாய்க்கிணற்றுத் தண்ணீரில் ஆர்சனிக் என்ற நஞ்சு கலந்திருக்கிறது. ஒரு லிட்டருக்கு 10 மைக்ரோகிராமுக்கு மேல் கூடாது என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். அந்தத் தண்ணீரில் பாக்டீரியாவை விட்டு, ஆர்சனிக் இருந்தால் நிறம் மாறவைப்பதுதான் வேலை. யோசனை எங்களுடையது அல்ல. இதே ஊர் மாணவர்கள் 2006-லேயே இதே போட்டியில், புளிப்பு ஏறுவதை வைத்து ஆர்சனிக்கைக் காட்ட ஒரு வழி செய்தார்கள். நாங்கள் புளிப்புக்குப் பதில் நிறத்தை வைத்தோம். ஈ.கோலி என்ற பாக்டீரியாவில் ஆர்ஸ்ஆர் என்றொரு புரதம் தாழ்ப்பாள் மாதிரி மரபணுவை அடைத்துக்கொண்டிருக்கும். ஆர்சனிக் வந்து ஒட்டினால் தாழ்ப்பாள் கழன்றுவிடும். அதன் பின்னால் பவளத்திலிருந்து எடுத்த ஒரு நிற மரபணுவைக் கோத்தோம். திறந்தால் சங்குப்பூ நிறம் வரும்.

கோத்த டிஎன்ஏவை பாக்டீரியாவுக்குள் புகுத்துவது ரப்பர் பால் வெட்டுகிற மாதிரி, கைப்பழக்கம்தான். 50 மைக்ரோலிட்டர் பாக்டீரியா செல்லில் 1 மைக்ரோலிட்டர் டிஎன்ஏ விட்டு, பனிக்கட்டியில் அரை மணி நேரம் வைக்க வேண்டும். பிறகு 42 டிகிரித் தண்ணீரில் சரியாக 45 வினாடி, திரும்பப் பனிக்கட்டியில் 2 நிமிடம். சத்துக்கூழ் ஊற்றி 37 டிகிரியில் ஒரு மணி நேரம் ஆட்டிவிட்டுத் தட்டில் பரப்பினால், மறுநாள் காலையில் புள்ளி புள்ளியாக முளைத்திருக்கும். குழாயின் அடிப்பக்கத்தை விரலால் பிடித்தால் போச்சு, அந்தச் சூடே செல்லைக் கெடுத்துவிடும். ஒருமுறை உருகிய செல்லைத் திரும்ப உறையவைத்தாலும் வீண்.

எங்கள் டிஎன்ஏ ஏறாத பாக்டீரியா முளைக்காமல் இருக்கத் தட்டில் கலக்கும் மருந்திலும் முதலில் ஏமாந்தோம். ஆம்பிசிலின் போட்டால், எதிர்ப்புள்ள பாக்டீரியா அந்த மருந்தைத் தன்னைச் சுற்றிலும் அழித்துவிடும். நாய் வளர்க்கிற வீட்டைச் சுற்றி நாய் இல்லாத வீடுகளும் நிம்மதியாகத் தூங்குமே, அதே மாதிரி உதவாத புள்ளிகளும் பக்கத்தில் முளைத்துவிடும். மருந்தை குளோராம்பெனிக்காலுக்கு மாற்றியதும் அந்தத் தொல்லை அடங்கியது. அது தண்ணீரில் சரியாகக் கரையாது, எத்தனாலில் கரைத்து லிட்டருக்கு 25 மில்லிகிராம் சேர்க்க வேண்டும். அகார் கூழ் கையில் பிடிக்கிற சூட்டுக்கு ஆறின பிறகுதான் எந்த மருந்தையும் ஊற்றலாம்.

பெரிய சறுக்கல் வேறிடத்தில். எம்9 என்ற கூழில் வளர்த்தபோது எவ்வளவு ஆர்சனிக் ஊற்றினாலும் நிறமே வரவில்லை. மூன்று வாரம் டிஎன்ஏமேல் பழி போட்டோம். குற்றவாளி பாஸ்பேட்! நீங்கள் செம்பனைக்குப் போடுகிற உரத்தில் இருக்கிற அதே சத்து. ஆர்சனேட், அதாவது ஆர்சனிக்கின் ஒரு வடிவம், பாக்டீரியாவுக்குள் நுழைவது பாஸ்பேட் நுழைகிற வாசல் வழியாகத்தான். எம்9-இல் பாஸ்பேட் ஏராளம், ஆர்சனேட்டுக்கு வரிசையில் இடம் கிடைக்கவில்லை. பாஸ்பேட் குறைந்த கூழுக்கு மாற்றியதும் நிறம் வந்தது. பிறகு எதிர்த்தொல்லை, ஆர்சனிக் இல்லாத குழாயிலும் லேசாக நீலம் கசிந்தது. நிற மரபணுவுக்கு முன்னால் இரண்டாவதாக ஒரு தாழ்ப்பாள் வைத்துக் குறைத்தோம். அப்படியும் 10 மைக்ரோகிராம் உள்ள குழாயையும் வெறும் தண்ணீரையும் கண்ணால் பிரித்தறிய முடியவில்லை. ஆர்சனிக் மிகுந்த குழாயில்தான் நிறம் தெரிந்தது, அதுவும் ஓர் இரவு கழித்து. கிணற்றடியில் வைக்கிற சாமான் இது இல்லை அப்பா. மாற்றிய பாக்டீரியாவை ஆய்வுக்கூடத்துக்கு வெளியே கொண்டுபோகவே போட்டியில் தடை. நடுவர்களுக்குப் பிடித்தது இந்த பாஸ்பேட் கதைதான் என்று நினைக்கிறேன். அடுத்து வருகிறவன் அந்த மூன்று வாரத்தைத் தொலைக்க மாட்டான் அல்லவா. எல்லாவற்றையும் போட்டிக்கான இணையப் பக்கத்தில் எழுதினோம், அதை அக்டோபர் தொடக்கத்தில் பூட்டிவிட்டார்கள். அதற்குப் பிறகு ஆய்வுக்கூடத்தில் என்ன செய்தாலும் கணக்கில் வராது.

பாரிஸ் படத்தில் என்னைக் காணோமே என்று அம்மா கேட்டாராம். தட்டுகளை யாராவது பார்த்துக்கொள்ள வேண்டுமே, அதனால் நான் இங்கேயே தங்கிவிட்டேன். அம்மா இதற்கெல்லாம் யோசிக்க வேண்டாம்.

சாப்பாட்டுக்குக் குறை இல்லை. சோறு, முட்டை, நீங்கள் அனுப்பிய நெத்திலி. நெத்திலி வறுத்த அன்று புகை மணி அலறி, எதிர்வீட்டுக் கிழவர் துடைப்பத்தோடு ஓடிவந்துவிட்டார். நவம்பர் குளிரிலும் அரைக்கால் சட்டைதான் அவருக்கு. அன்றிலிருந்து படியில் பார்க்கும்போதெல்லாம் “இன்றைக்கு என்ன எரியுது?” என்கிறார். மாலை நாலு மணிக்கே இருட்டிவிடுகிறது. நான் நூலகம் மூடும்வரை அங்கேயே இருந்துவிடுவேன், அங்கே ஹீட்டர் நன்றாக இருக்கும்.

போன வாரம் ஆய்வுக்கூடத்தில் யாரோ அம்மோனியா குப்பியைத் திறந்தார்கள். எல்லாரும் மூக்கைப் பொத்திக்கொண்டு விலகினார்கள். எனக்கு நகர மனம் வரவில்லை. அதே அம்மோனியா நெடி அடிக்கிற ரப்பர் பால் ஸ்டோர் வாசலில் நீங்கள் வாளியோடு வரிசையில் நிற்பதும், நான் பள்ளிச் சீருடையோடு உங்கள் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நிற்பதும் அப்படியே கண்முன் வந்தது. மூடச் சொல்லிக் கத்திய பிறகுதான் மூடினேன்.

சரி. அம்மாவின் சங்கிலி அடகுச் சீட்டில் தேதி என்ன என்று பார்த்து எழுதுங்கள். கெடு தாண்டக்கூடாது, வட்டியையாவது கட்டிவிடுங்கள். இந்த மாதப் பணம் 20-ஆம் தேதிக்கு மேல்தான் வரும், பேங்கில் ஏதோ தாமதம். கூரைத் தகரத்தை மழைக்கு முன் மாற்ற அந்தோணி அண்ணனிடம் பேசினீர்களா? முழுத் தொகையையும் முன்னாலேயே கொடுத்துவிடாதீர்கள், போன தடவை என்ன ஆயிற்று என்று தெரியுமே. தம்பி கணக்கு டியூஷனை நிறுத்தப்போகிறேன் என்கிறானாம், அவனை எனக்குப் போன் போடச் சொல்லுங்கள். முட்டி வலிக்கு எண்ணெய் மட்டும் போதாது, கிளினிக்குக்குப் போங்கள். பாட்டி திதிக்கு பெரியப்பா வீட்டுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் அதுவும் ஒரு சண்டை.

பேனர் கட்டியே தீருவேன் என்று மாமா நின்றால், குழு என்று போடச் சொல்லுங்கள். என் படம் வேண்டாம்.

உங்கள் அன்பு மகள்,
கலா