செயலாளரின் ஆண்டறிக்கை: காது மந்தமும் இரும்புச்சத்தும்

மதிப்புக்குரிய தலைவி அவர்களே, மாதர் சங்க உறுப்பினர்களே,

மாதாந்தக் கூட்டங்கள் ஒழுங்காக நடந்தன. கணக்கறிக்கையைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார். இவ்வாண்டின் முதன்மைப் பணியான, காது மந்தத்துக்கும் இரும்புச்சத்துக் குறைவால் வரும் குருதிச்சோகைக்கும் உள்ள தொடர்பு பற்றிய சுகாதார வேலையைப் பற்றியே இங்கு விரிவாகச் சொல்கிறேன்.

காது இரைச்சல், மந்தம், தலைச்சுற்று என்றால் காதை மட்டும் சோதிப்பது போதாது, இரத்தமும் பார்க்கவேண்டும். உட்காதுக்கு இரத்தம் கொண்டுபோவது ஒரேயொரு மெல்லிய நாடி. அதில் இரத்த ஓட்டம் குறைந்தால் ஈடுசெய்ய மாற்றுவழி இல்லை. குருதிச்சோகையில் அந்த இரத்தத்திலும் ஒட்சிசன் குறைகிறது. இதயம் வேகமாக அடிப்பதால் சிலருக்கு நாடித்துடிப்போடு சேர்ந்து இரைச்சல் கேட்கும். எழும்பும்போது கண் இருட்டும். ஆனால் படுக்கையில் புரளும்போது அறையே சுழன்றால் அது பெரும்பாலும் உட்காதுக் கோளாறு. இரும்புக் குளிசை அதைத் தீர்க்காது.

அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் மூன்று இலட்சத்துக்கு மேற்பட்ட வளர்ந்தோரின் மருத்துவப் பதிவுகளை ஆராய்ந்து 2017இல் வெளியான ஆய்வில், இரும்புக்குறைச் சோகை உள்ளோருக்கு நரம்புசார் செவிக்குறைவின் (உட்காது அல்லது செவிநரம்புப் பாதிப்பால் வருவது) வாய்ப்பு விகிதம், அச்சோகை இல்லாதோருடன் ஒப்பிடுகையில், ஏறத்தாழ 1.8 எனக் காணப்பட்டது. இது தொடர்பு மட்டுமே. இரும்பு குடித்தால் போன செவி திரும்பும் என்று யாருக்கும் நம்பிக்கை கொடுக்கக்கூடாது.

பெண்களுக்கு ஹீமோகுளோபின் டெசிலீற்றருக்கு 12 கிராமுக்குக் குறைந்தால் சோகை, ஆண்களுக்கு 13. அது சரியாக இருந்தும் இரும்புச் சேமிப்பைக் காட்டும் பெரிட்டின் லீற்றருக்கு 15 மைக்ரோகிராமுக்குக் கீழே இருக்கலாம். காய்ச்சலோ அழற்சியோ இருந்தால் பெரிட்டின் கூடிக் காட்டும். தலசீமியா என்னும் பரம்பரை இரத்தக் கோளாற்றின் காவிகளுக்கும் இரும்புக்குறையில் போலவே சிவப்பணு சிறுத்திருக்கும், ஆகவே பெரிட்டின் பாராமல் குளிசை தொடங்கவேண்டாம். மாதவிடாய் நின்ற பெண்களுக்கும் ஆண்களுக்கும் குடலில் இரத்தக் கசிவு உண்டா என்று தேடுவது குளிசையிலும் முக்கியம்.

200 மில்லிகிராம் பெரஸ் சல்பேற் என்னும் இரும்புக் குளிசையில் இரும்பு 65 மில்லிகிராம்தான். அதையும் பிளேன்ரீயோடு விழுங்கினால் பாதி வீண். தேசிக்காய்த் தண்ணீரோடு, தேநீருக்கு ஒரு மணித்தியாலம் முன் எடுங்கள். கல்சியத்தை வேறு வேளைக்கு மாற்றுங்கள். தைரொயிட் மருந்தான தைரொக்சினுக்கு 4 மணித்தியால இடைவெளி தேவை. மலம் கறுப்பது வழமை, தார்போல் ஒட்டினால் வைத்தியரிடம் காட்டவேண்டும். களைப்பு நீங்கியதும் பலர் நிறுத்திவிடுகிறார்கள். ஹீமோகுளோபின் சீரான பின்னும் மூன்று மாதம் தொடர்ந்தால்தான் சேமிப்பு நிரம்பும்.

ஒரு காது திடீரென அடைபட்டால் இரத்த முடிவுக்குக் காத்திருக்காமல் அன்றே காது மூக்குத் தொண்டை வைத்தியரிடம் செல்லவேண்டும். சிகிச்சை தாமதித்தால் செவி மீளும் வாய்ப்புக் குறையும்.

செவிப் பரிசோதனை முகாம்களில் இரத்தப் பரிசோதனையையும் சேர்க்கும்படி சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையைக் கோரும் கடிதம் சபையின் அங்கீகாரத்துக்கு முன்வைக்கப்படுகிறது.

செயலாளர்,
மட்டக்களப்பு